விமானத்தை இழுத்துப் பிடித்தது எது

ஆறாவது முறை பறந்துவிட்டு இறங்கிய அன்று என் கணவர் தலைக்கவசத்தைக்கூடக் கழற்றவில்லை. கண்ணாடி மூடியைத் தூக்கியதும் கீழே நின்ற மெக்கானிக்கைப் பார்த்துச் சொன்னார்: "உங்க இன்ஜின் இழுக்க மாட்டேங்குதுங்க."

மெக்கானிக் கையிலிருந்த துணியால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார். அவை ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தன.

"எவ்வளவு வந்துச்சுங்க?" என்று நான் கேட்டேன்.

"நூத்தம்பது. அதுக்கு மேல நகரவே இல்ல. இன்ஜின் தண்ணி ஹீட் நூத்தியஞ்சு டிகிரிக்குப் போயிருச்சு. பயந்துட்டு இறக்கிட்டேன்."

வரைபடம் தந்த வடிவமைப்பாளரின் கணக்குப்படி எங்கள் விமானம் மணிக்கு நூற்றெண்பது கிலோமீட்டர் போக வேண்டும். முப்பது கிலோமீட்டர் எங்கோ காணாமல் போயிருந்தது. வேகம் மட்டும் குறைந்திருந்தால் பரவாயில்லை. ஏறும் வேகமும் குறைவு. ஓடுபாதையின் தெற்கு எல்லையில் வரிசையாக நிற்கும் தென்னைகளைத் தாண்டும்போது ஒவ்வொரு தடவையும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நாங்கள் விமானம் கட்டுகிறவர்கள் இல்லை. திருப்பூர் பக்கம் அருள்புரத்தில் எங்களுக்கு ஒரு சின்ன யூனிட் இருக்கிறது. சாயம் போட்டு ஈரமாக வரும் பனியன் துணியை விரித்துப் பிடித்து, சூடான காற்றில் உலர்த்திக் கொடுக்கிறோம். அந்த இயந்திரத்துக்கு ஸ்டென்டர் என்று பெயர். ஆர்டர், அதைக் கொடுக்கும் பார்ட்டி எல்லாம் கணவர் பார்ப்பார். மெஷின் என் பொறுப்பு. அவர் கல்யாணத்துக்கு முன்பே விமானம் ஓட்டக் கற்று உரிமம் வாங்கியவர். இரண்டு பேர் உட்காரும் விமானத்தைத் தன் கையாலேயே செய்ய வேண்டும் என்பது அவருடைய ஆசை. மரமும் ஃபைபரும் வைத்து யூனிட்டுக்குப் பின்னால் இருக்கும் ஷெட்டில் நான்கு வருஷம் கட்டினோம். விமானத்துக்கென்று செய்த இன்ஜின் எங்கள் கைக்கு எட்டாது. எனவே விபத்தில் நசுங்கிய ஒரு காரின் இன்ஜினை எடுத்து, பெல்ட் போட்டுச் சுழற்சியைக் குறைத்து, புரொப்பல்லரை மாட்டினோம். அதைச் செய்தவர்தான் மெக்கானிக். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். பனியன் கம்பெனி வேலைக்கென்று வந்து, பிறகு கார் பட்டறை போட்டவர். எங்கள் ஷெட்டில் கழிந்த அவருடைய ஞாயிற்றுக்கிழமைகளுக்குக் கணக்கே இல்லை.

அனுமதி வாங்க, கட்டியதைவிட அதிகமாக அலைந்தோம். கடைசியில் கிடைத்த கடிதத்தில் நிபந்தனைகள் நிறைய. ஓடுபாதையைச் சுற்றி மட்டுமே பறக்கலாம். சோதனைக்குத் தேவையான ஆள் தவிர யாரும் உடன் போகக் கூடாது. ஓடுபாதை பொங்கலூருக்குத் தெற்கே, கணவருடைய சொந்தக்காரர் ஒருவரின் நிலத்தில் இருந்தது.

அன்று மாலை மெக்கானிக் எனக்குப் போன் செய்தார்.

"அக்கா, அண்ணாச்சி சொன்னத நான் தப்பா எடுக்கல. ஆனா இன்ஜின் பலவீனம்னு சொன்னா என்னால ஒத்துக்க முடியாது. அளந்து பாத்துருவோம். கொறஞ்சா நானே கழட்டிப் போட்டுட்டுப் போயிருதேன்."

"எப்படிங்க அளக்கறது?"

"கயித்தக் கட்டி இழுக்க விட்டுப் பாக்க வேண்டியதுதான்."

அடுத்த ஞாயிறு விமானத்தின் பின்பக்கத்தை ஒரு டிராக்டரோடு கயிற்றால் கட்டினோம். நடுவில், எங்கள் யூனிட்டில் கட்டிங் வேஸ்ட் மூட்டை எடை போடும் தொங்கு தராசை மாட்டினோம். கணவர் உள்ளே உட்கார்ந்து முழு வேகத்தில் இன்ஜினை ஓடவிட்டார். கயிறு விறைத்தது. டிராக்டரின் மண் படிந்த டயர்கள் மெல்ல நடுங்கின. தராசில் எண்கள் துள்ளித் துள்ளி ஏறி நின்றன. நூற்றெழுபது கிலோ. நூற்றெழுபத்தைந்து வர வேண்டும் என்பது கணக்கு. அந்த ஐந்து கிலோவை யாரும் குறையாகச் சொல்ல முடியாது.

இன்ஜின் நின்றதும் மெக்கானிக் தராசைக் கழற்றிக் கணவரின் கையில் கொடுத்தார்.

"இன்ஜின் இழுக்கத்தான் செய்யுது அண்ணாச்சி. உங்க ஏரோப்ளேன எதோ ஒண்ணு பின்னால இருந்து புடிச்சி நிறுத்துது. அது என்னன்னு பாருங்க."

கணவருக்கு முகம் சிவந்தது. "நிக்கறப்ப இழுக்கறது வேறங்க. பறக்கறப்ப இழுக்கறது வேற," என்றார். அது உண்மைதான். ஆனால் சொன்ன விதம் சரியில்லை. மெக்கானிக் தன் சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டு பைக்கை எடுத்தார்.

வீட்டுக்கு வரும் வழியில் காரில் பல்லடம் தாண்டியதும் நான்தான் ஆரம்பித்தேன். "இன்ஜினே இல்லாம இறங்கிப் பார்த்தா தெரிஞ்சிரும்ல?"

அவர் வண்டியை ஓரம் கட்டினார். நான் சொன்னது அவருக்குப் புரிந்துவிட்டது. உயரத்தில் இன்ஜினை அணைத்துவிட்டு ஒரே வேகத்தில் சறுக்கி இறங்க வேண்டும். அப்போது இன்ஜின் நல்லதா கெட்டதா என்ற பேச்சே கிடையாது. எவ்வளவு வேகமாகக் கீழே இறங்குகிறதோ, அவ்வளவு காற்றுத் தடை. வடிவமைப்பாளர் கொடுத்த கணக்கு எங்களிடம் இருந்தது: புரொப்பல்லர் நின்ற நிலையில் ஐந்நூறு அடி இறங்க ஐம்பது விநாடி ஆக வேண்டும்.

யோசனையைச் சொன்னவள் நான். அது நடந்த காலையில் வேண்டாம் என்று சொல்ல இரண்டு தடவை வாயெடுத்தேன்.

வைகாசி முடியும் நேரம். ஆனி பிறந்துவிட்டால் பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வரும் காற்று எங்கள் பக்கத்தில் எதையும் அசையாமல் விடாது. அதனால் ஆறரை மணிக்கே கிளம்பினார். மெக்கானிக்கும் வந்திருந்தார். கூப்பிட்டது நான். அவர் வேலியோரமாகத் தள்ளி நின்றார். என் ஒரு கையில் வாக்கி-டாக்கி, மறு கையில் நேரம் பார்க்கப் போன்.

மூவாயிரத்து ஐந்நூறு அடிக்கு ஏற இருபது நிமிஷத்துக்கு மேல் ஆயிற்று. "அணைக்கறேன்," என்ற குரல் வந்தது. தலைக்கு மேலே இருந்த இரைச்சல் அறுந்து நின்றது. எங்கோ ஒரு மோட்டார் ரூமில் தண்ணீர் விழும் சத்தம்கூடக் கேட்டது.

"மூவாயிரம்."

நான் போனைத் தட்டினேன்.

"ரெண்டாயிரத்தி ஐந்நூறு."

முப்பத்தைந்து விநாடி. நான் தப்பாகத் தட்டியிருப்பேன் என்று நினைத்தேன். "ரெண்டாயிரம்" என்றபோது முப்பத்து நான்கு. எந்தச் சந்தேகமும் இல்லை. இன்ஜினுக்கு இதில் பங்கே இல்லை. விமானம் கல் மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது.

"போதுங்க. ஸ்டார்ட் பண்ணுங்க," என்றேன்.

ஒரு நீண்ட உறுமல் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. நின்றது.

"எடுக்க மாட்டேங்குது."

வேலியோரம் நின்ற மெக்கானிக் ஓடி வந்து என் கையிலிருந்து வாக்கி-டாக்கியைப் பிடுங்கினார். "அண்ணாச்சி, இனி ஸ்டார்ட்டர அமுக்காதிய. நேரத்த வீணாக்காதிய. ஓடுபாதையை மட்டும் பாருங்க. இன்ஜின மறந்துருங்க."

விமானம் வடக்கே வளைந்து எங்கள் பக்கம் திரும்பியது. வழக்கமாக வரும் உயரத்தில் பாதிகூட இல்லை. தென்னைகள் தெற்கே இருந்தது நல்லதாயிற்று. வடக்கு எல்லையில் கம்பிவேலி மட்டும்தான். அந்த வேலிக்கும் சக்கரத்துக்கும் நடுவில் என்ன இடைவெளி இருந்தது என்று இன்றுவரை எங்களுக்குள் ஒரே பதில் இல்லை. அவர் ஒரு ஆள் உயரம் என்பார். நான் பார்த்தது அதில் பாதி. சக்கரம் புல்லில் இடித்து, எழும்பி, மறுபடி இடித்து, ஓடி நின்றது.

நாங்கள் ஓடிப் போனபோது அவர் கைகளைத் தொடைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மெக்கானிக் மூடியைத் தூக்கினார். கணவர் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"உங்களைச் சொன்னது தப்புங்க," என்றார். "இன்ஜின் மேல குத்தமில்ல."

"அது கெடக்கட்டும். மொதல்ல தண்ணியக் குடிங்க."

இன்ஜின் ஏன் திரும்ப எடுக்கவில்லை என்பதை மெக்கானிக் அன்றே கண்டுபிடித்தார். கொதிப்பில் பெட்ரோல் குழாய்க்குள் ஆவி கட்டியிருந்தது. அப்படியானால் தடையும் சூடும் தனித்தனி நோயா, ஒரே நோயா என்று என் மனசு ஓடத் தொடங்கியது.

காற்று எங்கே கெடுகிறது என்று கண்ணால் பார்க்க ஒரு பழைய வழி உண்டு. விரல் நீள நூல்களை விமானத்தின் மேல் வரிசையாக ஒட்டிவிட்டால் போதும். காற்று ஒழுங்காகப் போகும் இடத்தில் நூல் படுத்துக்கொண்டு பின்பக்கம் நீளும். கெட்ட இடத்தில் துள்ளும், சுழலும். நூலுக்குத் திருப்பூரில் பஞ்சமா. நூல் சுற்றிய கோனிலிருந்து உருவி, அறுத்து, இரண்டு சாயங்காலம் ஒட்டினேன். எல்லாம் முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லை. வெள்ளை விமானத்தில் வெள்ளை நூல். இருபத்தைந்து வருஷமாகத் துணிக்குள் கிடக்கிறவள் செய்த வேலை அது. எல்லாவற்றையும் உரித்துவிட்டு, மெரூன் நூலில் மறுபடி ஒட்டினேன்.

கணவர் ஒரு தடவை பறந்தபோது கண்ணாடி மூடிக்குள் போனைப் பொருத்திப் படம் எடுத்துப் பார்த்தோம். இன்ஜின் அதிர்வில் நூல்களெல்லாம் ஒரு சிவப்புப் புகையாகத்தான் தெரிந்தன. யாராவது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் ஆகும். மெக்கானிக்கின் எடை தொண்ணூற்றைந்து. இப்போது ஏறுகிற லட்சணத்தில் அவரை ஏற்றிக்கொண்டு தென்னையைத் தாண்ட முடியாது.

என் எடை ஐம்பத்தொன்று.

அதை நான் சொன்னதும் கணவர் எழுந்து போய்விட்டார். காரணம் எனக்குத் தெரியும். எங்கள் மகள் சென்னையில் படிக்கிறாள். கட்டத் தொடங்கியபோதே அவள் ஒரு வாக்கு வாங்கியிருந்தாள், இந்த விமானத்தில் இரண்டு பேரும் சேர்ந்து ஏறக் கூடாது என்று.

அரை மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தார். "இப்படியே நிறுத்திப்போடலாம் அம்மணி. ஷெட்டுல இருக்கட்டும்."

"நிறுத்திட்டா நீங்க சும்மா இருப்பீங்களா? ஒரு மாசம் கழிச்சு, காரணம் தெரியாமயே மறுபடி ஏறுவீங்க. அதுக்கு நான் ஒருக்கா பார்த்துட்டு வந்தர்றேன்."

அவர் போய் எனக்கு ஒரு தலைக்கவசம் தேடி எடுத்தார். மகளிடம் நான் சொல்லவில்லை. அது சரி என்று இப்போதும் சொல்ல மாட்டேன்.

ஆனி பிறக்க நான்கு நாள் இருந்தது. புடவையை விட்டுச் சுடிதார் போட்டு, தோளிலும் இடுப்பிலும் பெல்ட் கட்டி வலதுபக்கம் உட்கார்ந்தேன். மெக்கானிக் என் பெல்ட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். "தண்ணி ஹீட் நூத்திப் பத்தத் தொட்டா பேச்சே கெடையாதுக்கா. எறங்கிரணும்," என்று என்னிடம்தான் சொன்னார், கணவரிடம் அல்ல.

ஓடுபாதை முடிகிற இடத்தில்தான் சக்கரம் தரையை விட்டது. தென்னைகள் நேரே வந்தன. கீற்றுகளின் நுனி காய்ந்து பழுப்பாக இருந்தது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அவை அடிவயிற்றுக்குக் கீழே போனபோது நான் கண்ணை மூடவில்லை. மூடினால் மறுபடி திறக்க மாட்டேன் என்று தோன்றியது.

"பாரு," என்றார் கணவர்.

பார்த்தேன். இறக்கையின் நடுவிலும் நுனியிலும் நூல்கள் சீவிவிட்ட முடிபோலப் படுத்திருந்தன. பார்வையை உள்பக்கம் கொண்டுவந்தேன். இறக்கை உடம்போடு சேரும் இடத்தில் எதுவும் படுக்கவில்லை. அடித்துக்கொண்டு சுழன்றன. அதில் நான்கைந்து நூல்கள் முன்பக்கமாகத் திரும்பி நின்றன. அங்கே காற்று பின்னாலிருந்து முன்னால் போய்க்கொண்டிருந்தது.

அதற்கு முன்னால் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். இன்ஜின் மூடியின் பக்கவாட்டில், இன்ஜின் தண்ணீரைக் குளிரவைக்கும் ரேடியேட்டரின் சூடான காற்று வெளியேறும் வாய். அதன் விளிம்பில் ஒட்டிய நூல்கள் ஆணி அடித்ததுபோல நேராக வெளியே நீட்டிக்கொண்டு நின்றன. சூடான காற்று உடம்போடு ஒட்டிப் போகாமல், குறுக்கே சுவர் எழுப்பியதுபோல வெளியே பாய்ந்தது. அந்தச் சுவரில் மோதித்தான் பின்னால் வரும் காற்றெல்லாம் சிதைந்தது.

"ஹீட் நூத்தி ஆறு," என்றார்.

"ஒரு நிமிஷமுங்க. இன்னும் முன்னால பார்க்கணும்."

பெல்ட்டைத் தளர்த்திக் கண்ணாடியில் கன்னத்தை ஒட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தேன். காற்று உள்ளே நுழையும் முன்வாய் ஓரத்தில் கொஞ்சம் தெரிந்தது. அங்கிருந்த நூல்கள் உள்ளே வளைந்திருக்க வேண்டும். அவை வெளிப்பக்கம் மடங்கி, வாயைச் சுற்றிக்கொண்டு ஓடின. காற்று உள்ளே போக மறுத்து வெளியே வழிந்துகொண்டிருந்தது.

கண்ணாடியிலிருந்து கன்னத்தை எடுத்தேன். அந்த வாயை அகலமாக வெட்டியவள் நான்.

மூன்றாவது பறப்பில் சூடு ஏறியபோது, காற்று போதவில்லை, வாயைப் பெரிதாக்கலாம் என்று சொன்னேன். மெக்கானிக் வேண்டாம் என்றார். நான் கேட்கவில்லை. ஸ்டென்டரில் காற்றோடுதான் என் பிழைப்பு என்று அவரிடம் பெருமையாகச் சொன்னது ஞாபகம் இருக்கிறது. ஐந்தாவது பறப்புக்குப் பிறகு இன்னும் இரண்டு விரல் அகலம் வெட்டினேன். ஸ்டென்டரில் ஈரக்காற்றை வெளியேற்றும் குழாய் அடைத்தால் காற்றை ஊத எத்தனை ப்ளோயர் வைத்தாலும் துணி காயாது என்பது எங்கள் ஆபரேட்டர்களுக்கே தெரியும். வெளியே போக வழி குறுகலாக இருக்கிறதா என்று நான் பார்க்கவே இல்லை. வெட்ட வெட்ட, சூடும் கூடியது, தடையும் கூடியது. பழி மெக்கானிக் மேல் விழுந்தது.

"நூத்தி ஒம்பது."

"போதுங்க. இறங்கலாம்."

திரும்பும்போது நூற்றுப்பத்தைத் தாண்டி, நூற்றுப் பதிமூன்றில் முள் நின்றது. இன்ஜின் மூடியின் இடுக்கிலிருந்து சன்னமாக ஆவி கிளம்பி முன்கண்ணாடியில் திவலைகளாகப் படிந்தது. ரேடியேட்டர் தண்ணீரில் கலக்கும் கூலன்ட்டின் இனிப்பான வாசம் உள்ளே வந்தது. கணவர் இன்ஜினைப் பாதிக்கும் கீழே குறைத்து, இந்தத் தடவை வேண்டுமென்றே அதிக உயரத்தில் வந்தார். சக்கரம் தொட்டு, ஓடி, நின்ற பிறகுதான் அவருடைய வலது கை என் முழங்கைக்கு வந்தது.

இறங்கியதும் மெக்கானிக்கிடம் போனேன். எனக்குச் சுற்றிவளைக்கத் தெரியாது.

"நான் வெட்டினதுதாங்க காரணம். நீங்க அன்னைக்கே வேண்டாமுன்னீங்க."

அவர் முன்வாயின் அகலத்தை விரலால் அளந்து பார்த்தார். "நானும் ஏன் வேண்டாம்னு வெவரமாச் சொல்லலையே. எனக்கும் தெரியாது. நல்லா இருக்க மூடியக் கெடுக்கண்டாமேன்னுதான் சொன்னேன்," என்றார். பிறகு, "வெளிய போற வாய எப்படி மாத்தணும்னு சொல்லுங்க," என்று பையிலிருந்து பென்சிலை எடுத்தார்.

மூன்று வாரம் வேலை செய்தோம். வெளியே காற்று இரைந்துகொண்டே இருந்ததால் வேறு நினைப்பும் இல்லை. முன்வாயை அடைத்து உள்ளங்கை அளவுக்குக் குறைத்தோம். ரேடியேட்டருக்கும் மூடிக்கும் இடையில் காற்று ஒழுகும் இடங்களை ரப்பர் ஷீட் வைத்து மூடினோம். வெளிவாயைப் பெரிதாக்கி, காற்று உடம்போடு படிந்து பின்பக்கம் போகுமாறு ஒரு நீண்ட உதடு செய்து ஒட்டினோம். இறக்கை சேரும் மூலையை ஃபைபர் பூசி வளைவாக்கினோம்.

அதற்குள் மகள் விடுமுறைக்கு வந்தாள். நானே சொன்னேன். அவள் கத்தவில்லை. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் இட்லித் தட்டை என் முன்னால் வைத்துவிட்டு, "அப்பா பொய் சொல்வாருன்னு எதிர்பார்த்தேன். நீ சொல்வேன்னு நெனைக்கல," என்றாள்.

ஆவணியில் ஒரு காலை, காற்று அடங்கியதும் கணவர் தனியாக ஏறினார். ஓடுபாதையில் பாதியிலேயே தரையை விட்டார். தென்னைகளுக்கு மேலே மூன்று தென்னை உயரத்தில் போனார். நானும் மெக்கானிக்கும் வாக்கி-டாக்கியை நடுவில் வைத்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்திருந்தோம்.

"ஹீட் தொண்ணூத்தி ரெண்டு," என்று குரல் வந்தது. வெகுநேரம் கழித்து, "நூத்தியெழுவது. அங்கயே நிக்குது," என்றது.

மெக்கானிக் தலையை ஆட்டினார். "இன்னும் பத்து எங்க போச்சு?"

"சக்கரத்துக்கு மூடி இல்லீங்களே. அதுல போகும்."

"எனக்கென்னமோ வால் பக்கம்தான் சந்தேகமா இருக்கு."

"அளந்து பாத்தரலாமுங்க," என்றேன். இந்தத் தடவை எதையும் வெட்டுவதற்கு முன்பு.